"எண்பதில் முடிந்தது" என்றால் பயப்பட வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். ட்ரெயினிங் என்று மூன்று மாதம் தைவானுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கூட வேலை பார்ப்பவர்கள் மாட்ஸு என்கிற அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், மூங்கில் குச்சி எடுக்க வைத்திருக்கிறார்கள். "வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து தாத்தாவின் தறிகளை நான் பார்த்துக்கொள்ளலாமா?" என்று இவன் மனதுக்குள் கேட்டானாம். 22ஆம் எண் வந்தது. அதற்குக் கொடுத்த சீட்டை ஃபோனில் படம் பிடித்து மொழிபெயர்த்தால், "கொள்ளுத்தாத்தாவின் குடும்பத் தொழில் எண்பதில் முடிந்தது" என்று வருகிறது. என் மாமனாருக்கு வருகிற ஆவணியில் எண்பது நிறைகிறது. பதினாலு வயதில் தறிக்குழியில் இறங்கியவர், இன்றைக்கும் லுங்கிதான் நெய்கிறார். சதாபிஷேகத்துக்கு நாள் பார்த்து வைத்திருந்தோம். இந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மாமனாரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், இதற்கு என்னதான் அர்த்தம்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் போய் அந்தச் சதாபிஷேகத் தேதியை மறுபடியும் உறுதி செய்யுங்கள் அம்மா, மற்றதை அப்புறம் படிக்கலாம். உங்கள் மகன் கையில் வந்திருப்பது நல்ல பாட்டு. நல்லதிலும் ரொம்ப நல்ல பாட்டு. உங்கள் வீட்டு நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ராணிப்பேட்டையில் தோல் கெமிஸ்ட்டாக இருந்துவிட்டு, அதே வேலையாகத் தைவானில் தைனான் நகரத்தில் ஒன்பது வருடம் இருந்தவன். நான் குடியிருந்த தெருக்கோடியிலேயே ஒரு மாட்ஸு கோயில். அங்கே சாயங்காலம் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களிடம்தான் நான் இந்தச் சீட்டுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் உங்கள் நகலைப் பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

பாட்டு நாலே வரி. வரிக்கு ஏழு எழுத்து, ஆக மொத்தம் 28 எழுத்து. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

தாய்குங் கட்டிய வாழ்வு எண்பதில் நிறைவேறியது,
நிலா எழுந்து நான்கு கடலும் ஒளிர்கிறது,
விதிக்குள்ளேயே தானாக வந்து சேரும் பெரும் நன்மை,
கூரை வீட்டுக்குள்ளே நூறு காரியமும் கைகூடும்.

சீன மொழியில் முதல், இரண்டாம், நாலாம் வரிகள் செங், மிங், ஹெங் என்று ஒரே ஓசையில் முடியும். பாட்டிமார்கள் சீட்டைப் பார்க்காமலே ராகம் போட்டுச் சொல்வதற்கு அந்த ஓசைதான் துணை.

அந்தச் செங் என்கிற எழுத்தில்தான் உங்கள் வீடு இத்தனை நாள் தூக்கம் இழந்திருக்கிறது. ஒரு காரியம் உருவாகி, கைகூடி, முழுமை அடைந்தது என்பது அதன் பொருள். ஃபோன் அதை "முடிந்தது" என்று போட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் தப்பான தமிழ் இல்லை. "பொண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது", "வீட்டு வேலை முடிந்தது" என்று சந்தோஷமாகத்தானே சொல்கிறோம்? ஒரு பாவு நெய்து முடிந்தது என்று உங்கள் மாமனார் சொன்னால் யாராவது பதறுவார்களா? அதே சொல்லை "அவன் கதை முடிந்தது" என்றும் சொல்கிறோம். ஃபோனில் வந்தது முதல் வகை "முடிந்தது", நீங்கள் படித்தது இரண்டாம் வகை. எண்பது வயதுப் பெரியவர் இருக்கும் வீட்டில் மனசு அந்தப் பக்கம்தான் ஓடும், அது உங்கள் குற்றமில்லை.

அடுத்து அந்தக் கொள்ளுத்தாத்தா. தாய்குங் என்றால் பேச்சு வழக்கில் கொள்ளுத்தாத்தா என்றும் பொருள் உண்டு. ஆனால் இந்தப் பாட்டில் அது ஒரு ஆளின் பெயர்: ஜியாங் தாய்குங். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர். வறுமையில் வயதாகிவிட்டது, செய்த தொழில் எதுவும் ஓடவில்லை, மனைவியும் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று கதை சொல்வார்கள். கடைசியில் வேய் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தார். அந்தத் தூண்டில் முள் வளைவில்லாமல் நேராக இருந்ததாம், இரையும் கிடையாதாம், வர விருப்பமுள்ள மீன் வரட்டும் என்று இருந்தாராம். இன்றைக்கும் சீனர்களிடம் அது பழமொழி.

சிமா சியென் என்கிற வரலாற்று ஆசிரியர் சுமார் 2,100 வருடத்துக்கு முன் இந்தச் சந்திப்பை எழுதி வைத்திருக்கிறார். வென் அரசர் வேட்டைக்குக் கிளம்புமுன் குறி பார்க்கிறார். "இன்றைக்கு உனக்குக் கிடைக்கப்போவது டிராகனும் இல்லை, புலியும் இல்லை, கரடியும் இல்லை, ஆட்சிக்குத் துணை நிற்கும் ஒரு மனிதர்" என்று வருகிறது. போனால் ஆற்றங்கரையில் இந்தக் கிழவர். பேசிப் பார்த்த அரசர், "என் தாத்தா உங்களுக்காகத்தான் வெகுகாலம் காத்திருந்தார்" என்று சொல்லித் தன் தேரிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார். தாய்குங் என்ற பெயரே அந்தத் தாத்தாவைக் குறித்து வந்தது. ஆக உங்கள் ஃபோன் "தாத்தா" என்று சொன்னதில் தூரத்துச் சொந்தம் போல ஒரு உண்மை இருக்கத்தான் செய்கிறது.

அப்போது அவருக்கு எண்பது வயது என்பது மரபு. அதற்குப் பிறகுதான் அவருடைய வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. வென் அரசரின் மகன் ஷாங் வம்சத்தை வீழ்த்தி ஜோ ஆட்சியை நிறுவியபோது கூட நின்று வழிநடத்தியவர் இவர், பிறகு சி என்கிற நாட்டையே இவருக்குக் கொடுத்தார்கள். எண்பது என்ற எண் சீனர்கள் காதில் விழுந்தால் இந்தக் கிழவர்தான் நினைவுக்கு வருவார். "இன்னும் நேரம் இருக்கிறது" என்று மனதைத் தேற்றிக்கொள்ள அவர்கள் சொல்கிற எண் அது.

இரண்டாம் வரியை நான் முன்பு எத்தனையோ முறை படித்திருக்கிறேன், உங்கள் கடிதத்தோடு சேர்த்துப் படித்தபோதுதான் சிலிர்த்தது. நிலா எழுந்து நான்கு கடலும் ஒளிர்கிறது. நான்கு கடல் என்றால் உலகம் முழுவதும். இதே வரி அப்படியே, அந்தக் கோயில் சீட்டுகளின் பாட்டு வரிசையில் 24ஆம் பாட்டின் முதல் வரியாகவும் வரும், அத்தனை பிடித்த வரி போலிருக்கிறது அவர்களுக்கு. ஆனால் எண்பதையும் நிலாவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மைவிட உரிமை யாருக்கு உண்டு? சதாபிஷேகம் செய்துகொள்பவரை என்ன சொல்லி வாழ்த்துகிறோம்? ஆயிரம் பிறை கண்டவர்! எண்பது வருடமும் எட்டு மாதமும் ஆகும்போது ஏறக்குறைய ஆயிரம் பிறை வந்துவிடும் என்பதுதானே நம் கணக்கு. சீனப் பாட்டை எழுதியவருக்கு இது தெரிந்திருக்காது. இருந்தாலும் குடியாத்தத்து வீட்டில் அந்தப் பாட்டைப் படிக்கும்போது அந்த நிலா நம் நிலாவாகத்தான் தெரிகிறது.

மூன்றாம் வரிக்கு விளக்கம் வேண்டாம். நாலாம் வரி முக்கியம். அதில் கூரை வீடு என்று நான் எழுதியிருப்பது புல் வேய்ந்த குடிசை. அரண்மனையிலோ கடைத்தெருவிலோ இல்லை, அந்தக் குடிசைக்குள்ளேயே நூறு காரியமும் நடக்கும் என்கிறது. நடக்கும் என்பதற்கு வரும் ஹெங் என்ற எழுத்து சாதாரணமானது இல்லை, யீ சிங் என்கிற அவர்களுடைய பழைய குறிநூலின் முதல் அத்தியாயத்திலேயே வரும் மங்கலச் சொல். தடையில்லாமல் ஓடுவது, தழைப்பது. தறி ஓடுகிற வீட்டுக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்?

இனி உங்கள் மகன் விஷயம். சீட்டை எடுத்துக்கொண்டு போனால் பாட்டிமார்கள் முதலில் எண்ணைக் கேட்க மாட்டார்கள். "என்ன கேட்டுவிட்டு எடுத்தாய்?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணத்துக்குக் கேட்டவனுக்கு ஒரு பொருள், வழக்குக்குக் கேட்டவனுக்கு இன்னொரு பொருள். சீட்டில் பாட்டுக்குக் கீழே பயணம், நோய், வியாபாரம், காணாமல் போன பொருள் என்று தனித்தனியாக அச்சடித்திருப்பதும் இதற்காகத்தான். அம்மன் முன்னால் நின்று பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்லி, ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைக்க வேண்டும். எண் வந்த பிறகு "இதுதானா?" என்று பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டு உறுதி செய்ய வேண்டும். கட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் சாமி சிரிக்கிறது, கேள்வி தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் புடைப்பாக விழுந்தால் இல்லை, வேறு குச்சி எடு. உங்கள் மகன் கட்டை போட்டானா என்று கேட்டுப் பாருங்கள். போடாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, புதிதாகப் போகிறவர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள்.

அவன் கேட்டது "ஊருக்கு வரலாமா" என்று. பாட்டு வீட்டுக்குள் காரியம் கைகூடும் என்கிறது, அதனால் வழி வீட்டுப் பக்கம்தான் காட்டுகிறது. ஆனால் அதைச் சொல்ல அது தேர்ந்தெடுத்த ஆள் தூண்டிலோடு வருடக்கணக்கில் காத்திருந்தவர். நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடு என்று இதில் எங்கும் இல்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் சம்பளத்தை விடாமல், லீவு நாட்களில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, நூல் என்ன விலைக்கு வருகிறது, ஒரு லுங்கிக்குக் கூலி போக என்ன நிற்கிறது, யார் வாங்குகிறார்கள், விசைத்தறி லுங்கி வந்த பிறகு எந்த ரகம் இன்னும் கைத்தறியில் விலை போகிறது என்று ஒரு வருடம் கணக்கு எழுதிப் பார்ப்பேன். அம்மன் சீட்டுக் கொடுத்தாள் என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் இருக்கக் கூடாது, அந்தப் பாட்டிமார்களே பேரனுக்கு அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மாமனாரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் திடீரென்று வாய் மூடிக்கொண்டால் எண்பது வயது மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? தன் உடம்பைப் பற்றி டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் போல என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். தாய்குங் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள், பேரன் வாயால் சொன்னால் இன்னும் நல்லது. தறி வேண்டும் என்று அந்தப் பையன் கடல் கடந்து போய்க் கேட்டிருக்கிறான், அது அவருக்குத் தெரிய வேண்டாமா?

கேள்வி: நம் கோயில்களில் பூப் போட்டுப் பார்க்கிறோமே, அதுவும் இந்தச் சீனக் குச்சியும் ஒன்றுதானா?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: பூவுக்குப் பக்கத்துச் சொந்தம் என்றால் மேலே சொன்ன பிறைக்கட்டைதான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். ஆமாம், இல்லை, அவ்வளவுதான் பதில். குச்சியில் எண் வருகிறது, எண்ணுக்கு ஒரு பாட்டு வருகிறது. அந்த விதத்தில் பஞ்சாங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கிற சீதா சக்கரம்தான் அதற்கு நெருக்கம், அதிலும் எண்ணைப் பார்த்துப் பலன் படிக்கிறோம். கிளி ஜோசியத்தில் கிளி எடுக்கிற சீட்டில் சாமி படம் இருக்கும், கதையைக் கிளிக்காரர் சொல்வார், அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. மாட்ஸு கோயில்களில் பரவலாக இருக்கும் பாட்டு வரிசையில் மொத்தம் 60 பாட்டு, ஒவ்வொன்றுக்கும் சீனர்களின் 60 வருடச் சுழற்சியில் ஒரு வருடத்தின் பெயர். நமக்கும் பிரபவ முதல் அட்சய வரை அதே அறுபது. அவர்களுடைய இப்போதைய சுற்று 1984இல் தொடங்கியது, நம்முடையது 1987இல் பிரபவ வருடத்தோடு. எல்லாக் கோயிலிலும் அறுபதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். குவான்யின் அம்மன் கோயில்களில் நூறு பாட்டு வரிசை பிரபலம், ஹாங்காங்கில் வோங் தாய் சின் கோயிலிலும் நூறு. அதனால் சீட்டை யாரிடமாவது காட்டிப் பொருள் கேட்கும்போது எண்ணை மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கோயில், எந்த வரிசை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு கோயிலின் 22 இன்னொரு கோயிலில் வேறு பாட்டு.

கேள்வி: பினாங்கு போயிருந்தபோது எனக்குக் கெட்ட குச்சி வந்துவிட்டது. பரிகாரம் உண்டா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: சீட்டை அனுப்பாமல் கேட்டிருக்கிறீர்கள், அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். கெட்ட பாட்டு என்றால் பெரும்பாலும் "இப்போது வேண்டாம், பொறு" என்றுதான் இருக்கும். அந்த அறுபதில் ஒரு பாட்டு இப்படி: பட்ட மரம், பாவம், இன்னும் வசந்தத்தைப் பார்க்கவில்லை, இப்போதைக்கு இருட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, மனதை லேசாக வைத்துக்கொண்டு காற்றும் உறைபனியும் விலகும்வரை காத்திரு, உன் உலகம் பழையபடி உனக்குத் திரும்ப வரும். முதல் வரியைப் படித்துவிட்டுச் சீட்டைக் கசக்கிப் போட்டவன் நாலாம் வரியைப் பார்க்கவே இல்லை. உங்கள் சீட்டிலும் கடைசி வரியை மறுபடி படியுங்கள். ஜப்பான் கோயில்களிலும் இதே மாதிரிச் சீட்டு உண்டு, சீனாவிலிருந்து போன வழக்கம்தான், அங்கே பிடிக்காத சீட்டைக் கோயில் வளாகத்திலேயே கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். நீங்களும் அதை வீடு வரைக்கும் சுமந்து வந்து பீரோவில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. பரிகாரம் என்று சொல்லி யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நாம் வேறு மதம். அந்தக் கோயிலுக்குள் போய்க் குச்சி எடுத்தால் தவறாக நினைப்பார்களா?
– வாலாஜாபேட்டை வாசகி

பதில்: நினைக்க மாட்டார்கள். செருப்பு, ஃபோட்டோ விஷயத்தில் அங்கே எழுதி வைத்திருப்பதை மதித்து நடந்தால் போதும். சிங்கப்பூர் போனால் வாட்டர்லூ தெருவுக்குப் போய்ப் பாருங்கள். குவான்யின் கோயிலுக்குப் பக்கத்திலேயே நம் கிருஷ்ணன் கோயில். சீனர்கள் அங்கே குச்சி குலுக்கி, சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியே நாலு எட்டு நடந்து வந்து கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகவே அந்த வாசலில் ஊதுபத்தி செருகும் கலசமும் வைத்திருக்கிறார்கள்.